செருப்பு தெரியும், முகம் தெரியாது

இப்போது திருத்தணி மலைமேல் செருப்பு பார்க்கிற வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் ஒரு போனுக்கு முன்னால் நின்று மூஞ்சியைக் காட்ட வேண்டுமாம். இவள் கஸ்தூரி, இவள் தனம் என்று அதுவே கண்டுபிடித்து வருகை போட்டுக்கொள்கிறதாம். கஸ்தூரி என் பக்கத்து வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்த பெண். போன வருஷம்தான் அந்த வேலையில் சேர்ந்தாள். அவள் இதைச் சொன்னதும் எனக்கு ஒரே சிரிப்பு. ஒரு போனுக்குத் தெரிகிற சங்கதி தெரியாமல்தான் நான் இருபத்துநாலு வருஷம் அதே பலகைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

"இன்னா ஆயா, தனியா சிரிக்கற?" என்றாள்.

"எனக்கு யார் மூஞ்சியும் தெரியாதுடி. உன் மூஞ்சியும் தெரியாது. நீ கொலுசு போட்டுகினு வர சத்தத்த வெச்சிதான் கஸ்தூரி வரான்னு சொல்றேன்."

அவள் நம்பவில்லை. கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு என் எதிரில் நின்றார்கள். நான் தப்பாகச் சொன்னேன். இன்னொரு தடவை மாறி நின்றார்கள். அப்போதும் தப்பு. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "முழுசா சொல்லு ஆயா, எழுதிக்கறேன்" என்று உட்கார்ந்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, நாலு ஊர்க்காரர்களும் படிக்கிற மாதிரி எழுது, ஆட்கள் பேசினதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் என்ன எழுதுகிறாளோ, நான் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் பிறந்தது பள்ளிப்பட்டு பக்கம் ஒரு சின்ன ஊர். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும்போது அம்மாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு நடவு நடுகிற இடத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். எல்லார் தலையிலும் துணி சுற்றியிருந்தது. நான் நேராகப் போய் ஒருத்தியிடம் தூக்கை நீட்டி "அம்மா, குடி" என்றேன். அவள் நிமிர்ந்து, "நான் எப்படி உனக்கு அம்மா ஆனேன், உங்க நைனாவ கேட்டியா?" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. என் அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை.

முகம் தெரியாது என்றால் கண் தெரியாது என்று நினைக்காதீர்கள். மூக்கு தெரியும், வாய் தெரியும், பொட்டு கோணலாக இருந்தால் அதுவும் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பினால் ஒன்றும் நிற்காது. உங்களுக்கு ஒரு மந்தையில் இருக்கிற வெள்ளாடுகள் எப்படியோ அப்படி எனக்கு மனுஷர்கள். இது என் ஒருத்திக்கு மட்டும் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் நடையை, குரலை, பின்னலை, புடவையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள், அவர்கள் கெட்டிக்காரர்கள், நான் மக்கு என்றுதான் நினைத்தேன்.

ஊரில் எனக்கு வேறு பேர் வைத்தார்கள். ராங்கிக்காரி. சொந்தக்காரர் எதிரே வந்தால் பேசாமல் போகிறாள், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்திருக்க மாட்டாள், அவ்வளவு ராங்கி. மக்கு என்பதைவிட ராங்கி என்பது கொஞ்சம் மரியாதையாக இருந்தது. அதனால் நானும் மறுக்கவில்லை.

அத்தை பையனைத்தான் கட்டிக்கொண்டேன். சின்ன வயசிலிருந்து பாவா பாவா என்று கூப்பிட்டவர். அவருக்குத் திருத்தணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. கல்யாணம் ஆன புதுசில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் பின்னால் நடந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. பேசிக்கொண்டே ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டேன். அந்த ஆள் திரும்பி, "யாரும்மா நீ, ரொம்ப நேரமா உங்க அம்மா வீட்டு கதைய என்கிட்ட சொல்லிகினு வர?" என்றார். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று தேடிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்களுக்கு ஒரே பெண், விஜயா. அவள் இரண்டாம் வகுப்பு போகும்போது நான் மலைமேல் வேலைக்குச் சேர்ந்தேன். செருப்பு பார்க்கிற இடத்தை ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. எங்களுக்கு எல்லாமே முனிரத்தினம் மேஸ்திரிதான்.

மேஸ்திரி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். ஒரு ஜோடி செருப்பை எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்க முதல் நாள் அரை நாள் எடுத்துக்கொண்டார். இரண்டையும் அடியோடு அடி சேர்த்துத் தட்ட வேண்டும். மண் வெளியே விழ வேண்டும், நம் பலகைமேல் விழக் கூடாது. தகர டோக்கன் இரண்டு இரண்டாக ஒரே எண்ணில் இருக்கும். ஒன்றைக் கம்பியோடு இடது செருப்பின் வாரில் மாட்ட வேண்டும். எப்போதும் இடதுதான். அப்போதுதான் தேடுகிற கை தானாகப் போகும். இன்னொன்றை ஆளின் கையில் வைத்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். பஸ் ஏறுகிறவளுக்கு எண் தெரியாமல் இருக்குமா. குடும்பமாக வந்தால் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டு ஒரே டோக்கன். வார் அறுந்திருந்தால் வாங்கும்போதே காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்து நீதான் அறுத்தாய் என்பார்கள்.

"மூஞ்ச பாத்து குடுக்காத. டோக்கன பாத்து குடு. எனக்கு தெரிஞ்ச மூஞ்சின்னு குடுத்துட்டு அப்புறம் அழுவாங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே. இந்த உலகத்தில் மூஞ்சியைப் பார்க்காதே என்று சொல்லிச் சம்பளம் கொடுக்கிற ஒரு வேலை.

டோக்கனைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு மேஸ்திரியின் சட்டம் ஒன்றுதான்: எல்லாரும் போன பிறகு கடைசியில் மிஞ்சுகிற ஜோடி உன்னுடையது, அதுவரை உட்கார். ஒரு நாள் சித்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் டோக்கனைத் தொலைத்துவிட்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணில் தண்ணீர். நான் பலகைக்கு வெளியே வந்து, "தாத்தா, கால காட்டு" என்றேன். வலது காலில் சுண்டுவிரல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நடை வெளிப்பக்கம் சாய்கிற கால். மூன்றாவது தட்டில் ஒரு தோல் செருப்பு, வலது ஓரத்தில் விரல் பிதுங்கின பள்ளத்தோடு இருந்தது காலையிலேயே என் கண்ணில் பட்டிருந்தது. எடுத்துவந்து போட்டேன். அவர் காலில் போய் உட்கார்ந்துகொண்டது.

மேஸ்திரி இதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் என்னோடு வேலை செய்கிற ஒன்பது பேரையும் செருப்பைக் கழற்றிக் குவியலாகப் போடச் சொன்னார். திரை மாதிரி ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே கால் மட்டும் தெரிகிற மாதிரி நிற்கவைத்தார். ஒன்பது ஜோடியையும் ஒன்பது பேர் கால் முன்னாலும் சரியாக வைத்தேன்.

"உன் கண்ணு கீழ கீது, கோயிந்தம்மா. இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து டோக்கன் தொலைத்தவர்களை என்னிடம் அனுப்பினார். செருப்பை வைத்து ஊரையே சொல்வேன். பள்ளிப்பட்டு செம்மண், கரும்பு வெட்டுகிறவர்களின் செருப்பில் கீறல், தறி வீட்டுக்காரர்களின் வாரில் ஒட்டிய நூல் பஞ்சு. ஆட்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் காலம் நன்றாக இருந்தது.

மேஸ்திரியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை அவர் மீசையை எடுத்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் "டோக்கன் குடுங்க" என்று கையை நீட்டினேன். கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து, என் பலகைக்கு வந்தால் பேசுவதற்கு முன் மோதிர விரலால் இரண்டு தடவை தட்டுவார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் செத்துப்போன பிறகுதான் மற்ற பெண்களைக் கேட்டேன். அவர்கள் பலகையில் அவர் ஒரு நாளும் தட்டினதில்லையாம். எனக்கு இருக்கிற குறைக்கு என்ன பேர் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விஜயா பன்னிரண்டாவது முடித்த வருஷம் பொதட்டூர்பேட்டை பையனோடு போய்விட்டாள். பவர்லூம் வைத்திருக்கிற வீடு, லுங்கி நெய்கிறவர்கள். வேறு சனம். பையன் நல்லவன்தான் என்று கேள்வி. என் வீட்டுக்காரர் அவளுடைய துணிமணியை எல்லாம் மூட்டை கட்டி வெளியே போட்டார். "அவ மூஞ்சில முழிக்க மாட்டேன், நீயும் முழிக்கக் கூடாது" என்றார். எனக்கு அந்தப் பேச்சில் ஒரு பயம் வந்தது. போட்டோவைக்கூட அவர் கிழித்துவிட்டார். போட்டோ இருந்தாலும் எனக்கு என்ன பிரயோஜனம். அவள் குரல்தான் எனக்கு அவள். நாளாக நாளாக அந்தக் குரல் எங்கே மங்கிப்போகுமோ என்று தனியாக இருக்கும்போது அவள் கூப்பிடுகிற மாதிரி நானே சொல்லிப் பார்ப்பேன்.

மூன்று வருஷம் போயிற்று. ஆடிக் கிருத்திகை வந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காவடி எடுக்கிறவர்கள், வேண்டுதல்காரர்கள், எல்லாரும் மஞ்சள் துணி. கீழே குளத்தண்டை மொட்டை அடித்துக்கொண்டு, முழுகிவிட்டு, தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு மேலே வருவார்கள். ஆம்பளை பொம்பளை எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் துணியும் மஞ்சள் தலையும். பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறது கேட்காது. வருஷத்தில் மற்ற நாளில் நான் ஆளைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிற அடையாளம் அத்தனையும் அன்றைக்குப் போய்விடும். கூட்டம் தள்ளாமல் இருக்கப் பலகைக்கு முன்னால் கட்டையும் தட்டியும் கட்டிவிடுவார்கள். கால்கூடத் தெரியாது. நீட்டுகிற கையும் கையில் செருப்பும்தான்.

பகல் பத்து மணி இருக்கும். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து ஒரு ஜோடியை நீட்டினாள். அந்த ஜோடி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காப்பிக் கலர். இடது வார் அறுந்து வெள்ளை நூலால் தைத்திருந்தது. வார் மடிப்பில் நீலமும் சிவப்புமாக நூல் பஞ்சு. தறி வீட்டுக்காரி என்று உடனே தெரிந்தது. என் பெண்ணும் இப்படி ஒரு வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். நூற்று நாற்பத்தாறாம் எண் டோக்கனை அவள் கையில் வைத்தேன். கையை இழுக்காமல் அப்படியே நின்றாள். மொட்டைத் தலை, சந்தனம், குழந்தைக்கும் மொட்டை. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். பேசவில்லை. பின்னால் ஒருவன் "நகரும்மா" என்று கத்தினான்.

"டோக்கன் பத்திரம்மா. நகரு" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். டோக்கனை நீட்டினாள். ஜோடியை எடுத்து வைத்தேன். அப்போதும் நின்றாள். பொதட்டூர்பேட்டையாக இருந்தால் என் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கலாமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் விசாரிக்க அதைவிட்டால் வழியில்லை.

"எந்த ஊரும்மா நீ, பொதட்டூர்பேட்டையா?" என்றேன்.

அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அது அழுதது.

"கொழந்த தலையில வெயில் அடிக்குது பாரு. முந்தானைய போட்டு மூடு" என்றேன்.

செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு போனாள். சூடான கல்லில் வெறுங்காலோடு ஏன் போகிறாள் இவள் என்று நினைத்துவிட்டு, அடுத்த ஜோடியை வாங்கினேன்.

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயில் சரோஜா வந்தாள். என் பெரியம்மா பெண், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"நீ பலே ஆளுதான்க்கா. பெத்த பொண்ணு மொட்ட அடிச்சிகினு, கொழந்தைய தூக்கிகினு உன் எதுர்ல வந்து நின்னா, யாரோ எவளோன்னு டோக்கன் குடுத்து அனுப்பிட்டியாமே. எந்த ஊருன்னு வேற கேட்டியாமே. படியில உக்காந்து அப்படி அழுதிச்சி அது. நான்தான் தண்ணி வாங்கி குடுத்தேன்."

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"எனக்கு தெரியலடி" என்றேன்.

"இன்னாது தெரியல?"

"விஜயான்னு தெரியல."

"பெத்தவளுக்கு பொண்ணு தெரியாம பூடுமா? யார்கிட்ட கத வுடற. ராங்கி புடிச்சவன்னு தெரியும், இவ்ளோ கல்லுன்னு தெரியாது."

வீட்டுக்காரர் காதுக்கும் போய்விட்டது. சாயந்திரம் வந்ததும் என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். "சரியா செஞ்ச. நான்கூட உன்ன சந்தேகப்பட்டேன், எனக்கு தெரியாம அவகிட்ட பேசிகினு இருக்கியோன்னு" என்றார். மடித்த இலையில் மல்லிகைப்பூ வாங்கிவந்திருந்தார். அவர் பூ வாங்கி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

அதை ஏன் செய்தேன் என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். பெற்ற பெண்ணையே தெரியவில்லை என்றால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார். கல்நெஞ்சுக்காரி என்றால் அத்தோடு போய்விடும். தவிர, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தாய்க்குத் தெரியாமல் இருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படியானால் எனக்குள் எங்கேயோ கல்தான் இருக்கிறதோ என்று.

ஒரு மாசம் பொறுத்து, வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்துத் தெருவைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தறி ஓடுகிறது. தெருவே அதிருகிறது. ஒரு கதவைத் தட்டினேன். ஒருத்தி வந்து திறந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. விஜயாவைக் கண்டுபிடிக்க நான் மனசில் கொண்டுபோயிருந்தது அவள் குரலை மட்டும்தான். அந்தச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. "விஜயா இருக்குதாம்மா?" என்று கத்தினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையை இல்லை என்று ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தப்பு வீடு போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வீட்டில் கேட்டேன். அந்தக் கதவைக் காட்டி "அதுதான்" என்றார்கள். அதில்தான் இல்லை என்று சொல்லிவிட்டாளே, வெளியூர் போயிருப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். கொண்டுபோன முறுக்கைப் பஸ்ஸில் ஒரு பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வருஷம் வருஷமாகச் செருப்பு வாங்கினேன், கொடுத்தேன். மொட்டைத் தலையோடு யார் வந்தாலும் "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் கொடுப்பேன். ஆண்களைக்கூடக் கேட்டேன். சிலர் திட்டினார்கள். புது மேஸ்திரி, வரிசை நிற்கிறது, நீ என்ன ஜாதகமா பார்க்கிறாய் என்று கத்தினார். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனார். சொல்லி அனுப்பினோம். அவள் வரவில்லை என்றார்கள். வந்து கூட்டத்தில் நின்றாளோ என்று அன்றைக்கும் ஒவ்வொரு பெண்ணின் காலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிணத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்க்கிறாள் என்று அதற்கும் பேசினார்கள்.

வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண்ணும் பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரு சிறுமியும் வந்து நின்றார்கள்.

"அம்மா, விஜயா வந்திருக்கேன்."

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அதேதான். கீரை மடியிலிருந்து கொட்டிவிட்டது.

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். சிறுமி பேர் பவித்ரா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேறு புடவையில் கடைத்தெருவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்லாமல் போய்விடுகிறாள், கூடப் படிக்கிற பெண்களிடம் பேரை மாற்றிக் கூப்பிடுகிறாள், திமிர் பிடித்தவள் என்று தினமும் புகார். விஜயாவும் அடித்திருக்கிறாள். ஒரு நாள் சந்தையில் பவித்ரா வேறு ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரோ சொல்லிச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா தலைமுடியை மறைத்து வெறும் முகம் மட்டும் தெரிகிற போட்டோக்களைக் காட்டியிருக்கிறார். அதில் ஒன்று விஜயாவின் போட்டோ. பவித்ரா, "இந்த ஆன்ட்டி யாருன்னு தெரியல" என்றாளாம்.

"எனக்கு அங்கயே உன் ஞாபகம் வந்துச்சிம்மா" என்றாள் விஜயா. "நடவு வயல்ல யாருக்கோ கூழ் குடுத்தியாமே, யாரோ சட்ட பின்னால போனியாமே. நைனா சொல்லி சொல்லி சிரிப்பாரு. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு டாக்டர் கேட்டாங்க. நான் அழுதுட்டேன். எதுக்கும்மா அழறீங்க, இது நோவு இல்ல, மூளை சில பேருக்கு இப்படி இருக்கும், அவங்களுக்கு பாசம் இல்லன்னு அர்த்தம் இல்லன்னாங்க."

பிறகு உட்கார்ந்தாள். கொட்டின கீரையை அவளே வாரினாள்.

"அன்னிக்கி நெஜமாவே தெரியலயா?"

"தெரியலடி."

"பொதட்டூர்பேட்டையான்னு கேட்டியே."

"வாருல நூலு ஒட்டிகினு இருந்துச்சி. உன்ன பத்தி விசாரிக்கலாம்னு கேட்டேன்."

"என்ன பத்தி என்கிட்டயே." சிரிக்க ஆரம்பித்தாள், அது அழுகையாகப் போய்விட்டது. "நான் எங்க அம்மா குத்தி காட்டுறான்னு நெனச்சேன். அப்புறம் வீட்டுக்கே வந்து, என் மூஞ்ச பாத்துகினே விஜயா இருக்குதாம்மான்னு கேட்ட பாரு. அப்ப முடிவு பண்ணேன், எங்க அம்மாவுக்கு நான் செத்துட்டேன்னு."

துண்டு கட்டின அந்தத் தலை, தறிச் சத்தம், சாத்தின கதவு. வேறு யாரோ கதவைத் திறந்தாள் என்று பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நைனாவுக்கு தெரியுமா, உனக்கு இப்படின்னு?"

"தெரியாது. நான் உன்ன தொரத்திட்டேன்னு சந்தோசமா போய் சேந்தாரு."

அடுத்த மாசம் என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். போட்டோக்களில் ஒன்றைக் காட்டி இது யார் என்றார் டாக்டரம்மா. "யாரோ கிழவி, சிடுசிடுன்னு இருக்குது, இவளுக்கு மருமகளா போறவ பாவம்" என்றேன். அது நான்தான். நான், விஜயா, டாக்டரம்மா எல்லாரும் சிரித்தோம். இதற்கு மருந்து உண்டா என்று கேட்டேன். மருந்தும் இல்லை, மருந்து வேண்டியதும் இல்லை, தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பேரைக் கேளுங்கள் என்றார். அறுபது வயசுக்கு மேல் ஒரு ஆள் வந்து, நீ மக்கும் இல்லை, ராங்கியும் இல்லை, கல்லும் இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும். ஊர் வந்து இறங்கினதும் தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். "எனக்கு ராங்கி இல்லடி, மூளை அப்படி" என்று சரோஜாவிடம் சொன்னேன். "உனக்கு மூளைல கோளாறுன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இப்போது பவித்ரா லீவு விட்டால் தனியாகப் பஸ் ஏறி வருகிறாள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கும் என்னைத் தெரியாது, எனக்கும் அவளைத் தெரியாது. அதனால் இறங்கினதும் அவள் "பவித்ரா வந்துட்டேன்" என்று கத்துவாள். நான் இந்தப் பக்கமிருந்து "கோயிந்தம்மா இங்க கீறேன்" என்று கத்துவேன். பூக்காரிகள், டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசிலேயே தெரிந்துவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு குளிர்கிறது.

விஜயா மாசத்துக்கு ஒரு தடவை வருகிறாள். பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். டாக்டரம்மா சொன்னதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையின் எதிரில் அவள் ஒரு நாளும் பேசாமல் வந்து நிற்பதில்லை; அறைக்குள் வரும்போதே "அம்மா வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வருவாள். என்னிடம் மட்டும், வாசலில் வந்து நின்றதும் உடனே பேசமாட்டாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நிற்பாள்.

எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் வாசலில் அப்படிப் பேசாமல் நிற்கிறவள் அவள் ஒருத்திதான். அதை வைத்தே "வாடி விஜயா" என்று நான் சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றும் தெரியும். ஆனால் அது முகத்தைப் பார்த்துச் சொன்னது ஆகாது. அப்படி அவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அவள் காலைப் பார்க்காமல், கண்ணை, மூக்கை, வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், "அம்மா, விஜயா" என்று அவளே சொல்கிற வரைக்கும்.